ஓராயிரம் குரலில் ஒரு பாட்டு

பாட்டு ஒன்று பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. பாடியவர் வாயிலிருந்து கேட்டவர் செவிக்கும், அங்கிருந்து வேறொருவர் வாய்க்கும் அது குடிபெயர்ந்துகொண்டே இருக்கின்றது. இவ்வாறு குடிபெயரும்போது அஃது எதனை இழக்கின்றது, எதனைப் பெறுகின்றது, அதனை ஆக்கியவனுக்கு என்ன கிடைக்கின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரே பாட்டைக்கொண்டு விடைகாண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொள்ளும் பாட்டு, அமெரிக்காவிலே 1957ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்த ‘லூயி லூயி’ என்பது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதனை மீண்டும் பாடிப் பதிவு செய்துள்ளனர். றொக் அன்ட் றோல் இசையிலே இத்துணைப் பேர் கைபட்ட பாடல்கள் மிகச் சிலவே.

றொக் அன்ட் றோல் என வழங்கும் இசைவகை 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் எழுந்தது. அந்நாட்டுக் கறுப்பின மக்களிடையே வளர்ந்த ‘றிதம் அன்ட் புளூஸ்’ என்னும் இசையே அதற்குத் தாய். இரண்டொரு கிற்றார்கள், ஒரு முரசுத் தொகுதி, பியானோ, பாடுவதற்கு ஒரு குரல் ஆகியன இருந்தால் அவ்விசைக்குப் போதும். பெரிய வாத்தியக் குழுவோ பல்லாண்டுப் பயிற்சியோ வேண்டியதில்லை. வித்துவான்கள் அதனை இகழ்ந்ததும் இளைஞர்கள் அதனை விரும்பியதும் இந்த எளிமை காரணமாகவே.

‘லூயி லூயி’யை இயற்றியவர் றிச்சட் பெரி என்னும் கறுப்பினக் கலைஞர். 1935ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்திலே பிறந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே நண்பர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கிய அவருக்கு ஆழ்ந்த, கனத்த குரல் வாய்த்திருந்தது. 1954ஆம் ஆண்டில் ‘றொபின்ஸ்’ என்னும் குழு, சிறைச்சாலைக் கலகமொன்றைப் பற்றிய பாட்டை வெளியிட்டது. அதிலே தலைமைக் குரல் பெரியுடையது. ஆனால் தட்டிலே அவர் பெயர் இல்லை. தம் உழைப்பு ஒரு பக்கமும் அதன் பயன் மற்றொரு பக்கமும் போவதை அவர் பத்தொன்பது வயதிலேயே கண்டுவிட்டார்.

அக்காலத்தில் பெரி, ‘றிதம் றொக்கேர்ஸ்’ என்னும் ஒரு குழுவினருடன் சேர்ந்து நடன மண்டபங்களிலே பாடுவதுண்டு. அவர்கள் இலத்தீன் அமெரிக்க நடன இசையிலே தேர்ந்தவர்கள். கியூபாவிலே பிறந்த றெனே தூஸே என்னும் இசையாளர் புகழ்பெறச் செய்த ‘எல் லோக்கோ ச்சா ச்சா’ என்ற இசையை அவர்கள் ஓரிரவு வாசித்தபோது, அதன் தொடக்கத்திலே வரும் சிறு தாளக்கட்டு பெரியின் மனத்தைப் பற்றிக்கொண்டது. மீண்டும் மீண்டும் வந்து, ஆடுவோர் காலைத் தானே இழுக்கும் கட்டு அது. மேடைக்குப் பின்னாலிருந்த அறையிலே, கைக்கு அகப்பட்ட காகிதத்திலே அதற்குரிய சொற்களை அவர் எழுதிவைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பிற்காலத்திலே ஆயிரம் பேர் எடுத்தாண்ட இப்பாட்டு, தானும் ஓர் எடுத்தாட்சியிலிருந்தே பிறந்தது. கியூபாவின் தாளம் கலிபோர்ணியாவின் நடன மண்டபத்துக்கு வந்தது. அங்கே ஒரு கறுப்பின இளைஞர் அதற்கு ஆங்கிலச் சொற்களை இணைத்தார். ஆகவே, முற்றிலும் புதியதாக எவரும் ஒரு பாட்டைப் படைத்துவிடுவதில்லை என்பது இதன் பிறப்பிலேயே தெரிகின்றது.

பாட்டின் பொருள் மிக எளியது. தொலைவிலே ஜமெய்க்காத் தீவில் தனக்காகக் காத்திருக்கும் காதலியை நினைந்து, கப்பலேறிச் செல்ல விழைகின்றான் ஒரு மாலுமி. தன் ஏக்கத்தை அவன் மதுச்சாலையிலே பணிபுரியும் ஒருவனிடம் சொல்கின்றான். அந்தப் பணியாளன் பெயரே லூயி. மதுச்சாலைப் பணியாளனிடம் மனச்சுமையை இறக்கிவைக்கும் மற்றொரு பழைய அமெரிக்கப் பாட்டும் தமக்கு முன்மாதிரியாயிற்று எனப் பெரி கூறியிருக்கின்றார். கரீபியன் தீவு மக்களின் பேச்சைப் போன்று இலக்கணங் குலைந்த ஆங்கிலத்திலே அவர் சொற்களை அமைத்தார். முகஞ் சுளிக்கத்தக்க சொல் ஒன்றேனும் அதிலே இல்லை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் வரும் செய்திக்கு இது தேவைப்படும்.

1957ஆம் ஆண்டு ‘பிளிப்’ என்னும் சிறு நிறுவனம் இப்பாட்டைத் தட்டாக வெளியிட்டது. தட்டின் முதற்பக்கத்திலே வேறொரு பழம்பாட்டு. பின்பக்கத்திலே ‘லூயி லூயி’. மேற்குக் கரை நகரங்களிலே ஓரளவு விற்பனையாயிற்று, அவ்வளவே. பெரிக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, கையிலே பணமில்லை. இப்பாட்டிலும் வேறு சில பாடல்களிலும் தமக்கிருந்த ஆசிரியர் உரிமையை அவர் நிறுவனத்தின் தலைவருக்கே விற்றுவிட்டார். விலை 750 டொலர். ஓடி ஓய்ந்த பாட்டுக்கு அது நல்ல விலையென்றே அன்று தோன்றியிருக்கும்.

அந்த விற்பனையின் பொருளை விளங்கிக்கொள்ள, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. இசையும் சொல்லுமாகிய பாட்டு, அதனை இயற்றியவருக்கு உரியது. ஒருவர் பாடிய பதிவு, அதனைச் செய்வித்த நிறுவனத்துக்கு உரியது. 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பாட்டு ஒருமுறை உரியவர் இசைவுடன் பதிவாகிவிட்டால், பின்னர் எவரும் அதனைத் தம் குரலிலே பாடிப் பதியலாம். தனித்தனியே அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் 2 சதம் கட்டினால் போதும். இந்த 2 சத விகிதம் 1978ஆம் ஆண்டு வரை மாறாதிருந்தது. ஒரே பாட்டை நூற்றுக்கணக்கானோர் தட்டிலே பாடமுடிந்தமைக்கு இச்சட்டமே வழிவகுத்தது. அந்தச் சதங்கள் வழமையாகப் பாடலாசிரியருக்கும் பதிப்பாளருக்குமாகப் பகிரப்படும். தம் பங்கை விற்றுவிட்ட பெரிக்கோ, இனி எவர் பாடினாலும் அதிலே ஒன்றுமில்லை.

பாட்டு வடக்கே பயணஞ் செய்தது. பசிபிக் கரையின் வடமேற்கு மூலையிலே, வொஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரிலே, ‘வெயிலேர்ஸ்’ என்ற இளைஞர் குழு ஒன்று இருந்தது. அவர்களோடு பாடிய றொபின் றொபட்ஸ் என்னும் இளைஞர், பெரியின் தட்டை விரும்பித் தம் மேடைப் பாட்டாக்கிக்கொண்டார். 1961ஆம் ஆண்டு அவர்களுடைய பதிவு வெளிவந்தது. பெரியின் பதிவு கடலலைபோல மெல்ல ஆடி வருவது. இவர்களுடையதோ முழக்கமும் கூச்சலும் நிறைந்தது. அப்பகுதியிலே நடன நிகழ்ச்சி நடத்தும் எந்தக் குழுவும் ‘லூயி லூயி’யைப் பாடாமல் மேடையைவிட்டு இறங்கமுடியாத நிலை விரைவில் உண்டாயிற்று.

அடுத்து வந்தவர்கள் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரைச் சேர்ந்த ‘கிங்ஸ்மென்’ குழுவினர். காசு போட்டால் தட்டுச் சுழலும் இசைப்பெட்டி ஒன்றிலே றொபட்ஸின் பாட்டை இளைஞர் ஓயாது கேட்டு ஆடுவதைக் கண்டு, தாமும் அதனைப் பயின்றனர். குழுவின் பாடகர் ஜக் ஈலி அதனை மற்றவர்களுக்குக் கற்பித்தபோது, நான்கு அடியும் இரண்டு அடியுமாக வந்த தாளக்கட்டை, ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு என மூன்றும் இரண்டுமாகத் தவறுதலாக மாற்றிவிட்டார். இன்று உலகம் ‘லூயி லூயி’யின் தாளமென அறிவது இந்தத் தவறான கட்டையேயாகும்.

1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, போட்லண்டிலிருந்த சிறு ஒலிப்பதிவுக் கூடமொன்றிலே கிங்ஸ்மென் பாடினர். செலவு 50 டொலருக்கு மேற்படவில்லை. ஒலிவாங்கியைத் தலைக்கு மேலே உயரத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈலி முகத்தை நிமிர்த்தி, வாத்தியங்களின் முழக்கத்தையும் மீறி மேல்நோக்கிக் கத்தவேண்டியதாயிற்று. பல்லை நேராக்கும் கம்பியும் அவர் வாயிலே இருந்தது. கிற்றார் தனித்து ஒலித்து முடிந்ததும், பாடகர் நேரத்துக்கு முன்னரே பாட்டை எடுத்துவிட்டுத் திடுக்கிட்டு நிறுத்துகின்றார். முரசு வாசிப்பவர் ஓர் உருட்டலால் அந்த இடைவெளியை மூடுகின்றார். இவையெல்லாம் தட்டிலே அப்படியே இருக்கின்றன. பின்னாளில் இப்பாட்டைப் பாடிய குழுக்கள் சில, அந்தத் தவறையும் பாட்டின் ஓர் உறுப்பாகக் கொண்டு வேண்டுமென்றே அவ்வாறு பாடின.

அதே மாதத்தில், அதே கூடத்திலே, ‘போல் றெவியர் அன்ட் த றெயிடேர்ஸ்’ என்னும் மற்றொரு குழுவும் அதே பாட்டைப் பதிவு செய்தது. அவர்கள் தேர்ந்த வாத்தியக்காரர்கள். பெரிய நிறுவனமாகிய கொலம்பியா அவர்களுடைய தட்டை ஏற்றது. ஆயினும் வென்றது கிங்ஸ்மென் தட்டே. பொஸ்டன் நகர வானொலி அறிவிப்பாளர் ஒருவர், வாரத்தின் மிக மோசமான தட்டு என்று சொல்லி அதனை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் கடைகளுக்கு ஓடினர். 1963ஆம் ஆண்டு டிசம்பரிலே அமெரிக்காவின் ‘பில்போட்’ பட்டியலில் அஃது இரண்டாம் இடத்தை அடைந்தது. அப்பொழுது முதலிடத்திலே இருந்தது, பெல்ஜியம் நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர் பாடிய ‘டொமினிக்’ என்னும் சமயப் பாட்டு. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் ஒரே மக்கள் விரும்பிக் கேட்டவை என்பதை எண்ணிப் பார்த்தால், மக்கள் சுவையை வரையறுப்பது எத்துணை அரிது என்பது புலனாகும். பாட்டு நாடெங்கும் ஒலித்த வேளையிலே ஈலி குழுவிலே இல்லை. அதற்குள் ஏற்பட்ட பிணக்கினால் அவர் வெளியேறியிருந்தார். முரசு வாசித்தவர் பாடகராகி, ஈலியின் குரலுக்குத் தொலைக்காட்சியில் வாயசைத்தார்.

இனி, நான் முன்னர் நினைவூட்டிய செய்திக்கு வருவோம். ஈலி பாடிய சொற்கள் எவருக்கும் விளங்கவில்லை. விளங்காத சொல் இருக்குமிடத்திலே, கேட்பவர் தம் மனத்திலுள்ள சொல்லை வைத்துக்கொள்வது இயல்பு. அப்பாட்டிலே ஆபாசமான சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்ற வதந்தி மாணவரிடையே பரவிற்று. அவரவர் கற்பனைக்கேற்ப எழுதிய வரிகள் பள்ளிதோறும் கைமாறின. பெற்றோர் அஞ்சினர். 1964ஆம் ஆண்டு ஜனவரியிலே இந்தியானா மாநில ஆளுநர், அப்பாட்டை ஒலிபரப்பவேண்டாமென அம்மாநில வானொலியாளரைக் கேட்டுக்கொண்டார். பிள்ளையின் தட்டைக் கேட்டுக் கலங்கிய பெற்றோர் ஒருவர் சட்ட மா அதிபர் றொபட் கென்னடிக்கே கடிதம் எழுதினார்.

அதன் விளைவாக, அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் விசாரணையைத் தொடங்கிற்று. ஆபாசப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லுதல் அந்நாட்டிலே குற்றம். இத்தட்டு அக்குற்றத்துக்குள் அடங்குமா என்பதே கேள்வி. பணியகத்தின் ஆய்வுகூடத்திலே தட்டு வெவ்வேறு வேகங்களிலே சுழற்றப்பட்டது. ஈராண்டுக்கு மேல் கடிதங்களும் அறிக்கைகளும் குவிந்தன. முடிவிலே அவர்கள் கண்டது, எந்த வேகத்திலே கேட்டாலும் சொற்கள் விளங்கவில்லை என்பதுதான். பாட்டின் உண்மையான சொற்கள் வொஷிங்டனிலுள்ள பதிப்புரிமைப் பதிவகத்திலே முறைப்படி இருந்தன. ஆனால் அவற்றைப் பாடிய ஈலியை அதிகாரிகள் ஒருபோதும் விசாரிக்கவில்லை. பின்னாளில் அந்தக் கோவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது, அரசாங்கமொன்று தன் செவியை நம்பமுடியாமல் பட்ட பாட்டை நாடே படித்து நகைத்தது.

சொல் விளங்காதது ஒரு பாட்டுக்குக் குறையென்றே நாம் கருதுவோம். ‘லூயி லூயி’க்கோ அதுவே பெரும் வாய்ப்பாயிற்று. மூன்றே சுரக்கூட்டுகள், ஒரு தாளக்கட்டு, எவரும் தம் எண்ணத்தை ஏற்றிக்கொள்ளத்தக்க சொற்கள்: இத்துணை அகலத் திறந்த வாயிலுள் நுழையாதவர் யார்? 1964ஆம் ஆண்டிலேயே கலிபோர்ணியாவின் ‘பீச் போய்ஸ்’ குழுவினரும், இங்கிலாந்தின் ‘கிங்ஸ்’ குழுவினரும், கறுப்பினப் பாடகர் ஓற்றிஸ் றெடிங்கும் அதனைப் பாடித் தட்டாக்கினர். 1966இலே ‘சான்ட்பைப்பேர்ஸ்’ குழு அதனை மென்மையான தாலாட்டைப்போல மாற்றிற்று. 1967இலே பிராங் ஸப்பாவின் குழுவினர், இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தின் மாபெரும் குழாய் ஓர்கனிலே இப்பாட்டை முழக்கினர். 1978இலே ‘மோட்டர்ஹெட்’ குழு அதனை இடியோசையாக்கிற்று. 1981இலே ‘பிளாக் பிளாக்’ குழு சினத்தின் குரலாக்கிற்று. இகி பொப் 1993இலே அரசியல் விமரிசனமான புதுச் சொற்களை அதற்கு எழுதினார்.

இவற்றுள் என் மனத்துக்கு மிக உகந்தது, ஜமெய்க்காவின் ‘டூட்ஸ் அன்ட் த மெயிடல்ஸ்’ குழு 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே தம் நாட்டு றெகே இசையிலே செய்த பதிவு. பெரி தம் கற்பனையிலே ஒரு மாலுமியை ஜமெய்க்காவுக்கு அனுப்ப விரும்பினார். பாட்டோ உண்மையிலேயே ஜமெய்க்காவைச் சென்றடைந்து, அம்மக்கள் குரலிலே ஒலித்தது.

பாடப்பட்டதோடு பாட்டு நின்றுவிடவில்லை. பல காரியங்களுக்கும் பயன்பட்டது. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அனிமல் ஹவுஸ்’ என்னும் திரைப்படத்திலே கல்லூரி மாணவர்கள் அதனைப் பாடிக் கூத்தாடுகின்றனர். கதை நடப்பதோ 1962இலே. கிங்ஸ்மென் தட்டு அன்று பிறக்கவே இல்லை. 1983ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கலிபோர்ணியாவின் கல்லூரி வானொலி நிலையம் ஒன்று தொடர்ச்சியாக 63 மணித்தியாலம் ‘லூயி லூயி’யை மட்டுமே ஒலிபரப்பிற்று. 800க்கு மேற்பட்ட பதிவுகள். ஒன்றேனும் இருமுறை வரவில்லை. பெரியும் ஈலியும் நேரிலே வந்து பாடினர். 1985இலே, அப்பாட்டை வொஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ கீதமாக்கவேண்டுமென்ற இயக்கம் ஒன்று எழுந்தது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஒருவர் தொடங்கிய வேடிக்கைதான் அது. எனினும் ஏப்ரல் 12ஆம் நாளை ‘லூயி லூயி’ நாளாக அம்மாநிலம் கொண்டாடிற்று. கீதமோ மாறவில்லை. 2005ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்திலே, ஊர்வலத்துக்கெனப் பள்ளி வாத்தியக் குழு பயின்ற இப்பாட்டைக் கல்வி அதிகாரி ஒருவர் தடைசெய்தார். பெற்றோர் முறையிட்டபின் தடையை நீக்கினார். அந்தப் பிள்ளைகள் வாத்தியங்களை வாசிப்பவர்கள். சொல் எதனையும் பாடுபவர்களல்லர். வதந்திக்கு வயது நாற்பதைக் கடந்தும் அச்சம் தீரவில்லை.

இத்தனை ஆரவாரத்துக்கிடையே றிச்சட் பெரி எங்கே இருந்தார்? லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சிறு விடுதிகளிலே நெடுங்காலம் பாடிப் பிழைத்தார். 1980ஆம் ஆண்டுகளின் நடுவிலே அவர் அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்ந்தவராய், தம் தாயாரின் இல்லத்திலே இருந்தார். அப்பொழுது பானம் விற்கும் நிறுவனமொன்று தன் விளம்பரத்துக்கு ‘லூயி லூயி’யை விரும்பிற்று; அதற்குப் பெரியின் கையொப்பம் வேண்டியிருந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்த சட்டத்தரணி ஒருவர், இழந்த உரிமையை மீட்க வழியுண்டென எடுத்துரைத்தார். பதிப்பாளர் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே இணக்கத்துக்கு வந்தனர். 750 டொலருக்குப் போன பாட்டு, பெரியை முதுமையிலே பத்து இலட்சம் டொலருக்கு மேல் உடையவராக்கிற்று. 1997ஆம் ஆண்டு ஜனவரியிலே, அறுபத்தொரு வயதிலே அவர் காலமானார். கிங்ஸ்மென் குழுவினரும், ஒப்பந்தப்படி தமக்குச் சேரவேண்டிய நூற்றுக்கு ஒன்பது வீதப் பங்கு கிடைக்கவில்லையென 1993இலே வழக்கிட்டனர். 1998இலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. தம் பழைய பதிவுகளின் உரிமையை அவர்கள் மீளப் பெற்றனர்.

நேயர்களே, தொடக்கத்திலே எழுப்பிய வினாக்களுக்கு இனி விடை சொல்லலாம். இப்பாட்டு குடிபெயர்ந்தபோது சொல்லை இழந்தது. மாலுமியின் கதையை இன்று நினைப்பவர் சிலரே. அதற்கு ஈடாக ஆயிரம் குரலையும், எண்ணற்ற மேடைகளையும் பெற்றது. பாட்டின் திறந்த தன்மை அதற்கு நன்மையே செய்தது. கியூபத் தாளத்தைப் பெரி எடுத்ததும், பெரியின் பாட்டை றொபட்ஸும், அவருடையதை ஈலியும் எடுத்ததும் கலையுலகிலே இயல்பான கொடுக்கல் வாங்கல். அதனைத் தடுத்தால் இசையே வறண்டுபோகும்.

ஆக்கியவனுக்கு என்ன கிடைத்தது என்னும் மூன்றாம் வினாவுக்கு விடை அத்துணை இனிதன்று. சட்டம் வகுத்த 2 சதம் தவறாமல் கட்டப்பட்டிருந்தாலும், பெரியின் வீட்டு அடுப்பு அதனால் எரியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் காத்திருக்க நேர்ந்தது. அவருக்கு நீதி கிடைத்ததற்குக் காரணம், ஒரு விளம்பரத்துக்கு அவர் கையொப்பம் தேவைப்பட்ட தற்செயல். அத்தகைய தற்செயல் வாய்க்காத பாடலாசிரியர் பலர், தம் பாட்டு அடுத்த வீட்டு வானொலியிலே ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே வறுமையிலே மறைந்திருப்பர். ஆதலின், நமக்கு விருப்பமான பாட்டொன்றைக் கேட்கும்போது, பாடுபவர் யார் என வினவுவதோடு அதனை இயற்றியவர் யார் எனவும் ஒருமுறை வினவுவோமாக. அந்தப் பெயரை அறிந்து சொல்வது கேட்போராகிய நாம் செய்யக்கூடிய சிறிய கைம்மாறு.